கை நனைக்க ஓராண்டுப் பயிற்சி

1

கை நனைப்பது என்றால் என்னவென்று என் மகளுக்கு நான் சொல்லித் தந்ததில்லை. ஜப்பானில் பிறந்து வளர்ந்த அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு அதைப் பாடம் எடுத்தாள்.

"அப்பா, சம்பந்தம் பேசப் போற வீட்ல, முடிவாகிற வரைக்கும் சாப்பிட மாட்டாங்களாம். முடிவாச்சுன்னா ரெண்டு பக்கமும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணுமாம். அதுக்குப் பேரு கை நனைக்கிறதாம். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாமல் என்ன! திண்டிவனத்துக்கு மேற்கே, வல்லத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன் நான். பெரியப்பா, சித்தப்பா கூட்டத்தோடு எத்தனை வீடுகளுக்குப் பெண் பார்க்கப் போயிருக்கிறேன். இலை போடுவதா வேண்டாமா என்று பெரியவர்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வதைப் பசியோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கயல் விஷயத்துக்கு வந்தாள். அவளும் சரவணனும் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவு செய்திருக்கிறார்கள். பையன் யோகோஹாமாவில் கப்பல் எஞ்சின் வேலை பார்க்கிறான். தமிழ்ச் சங்கப் பொங்கலில் பழக்கம். சொந்த ஊர் மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பம். அப்பா கலியபெருமாள் படகு வைத்திருக்கிறார். அம்மா அஞ்சலை பல வருடம் திண்டிவனம் மார்க்கெட்டில் மீன் விற்றவர்.

"சரவணனோட அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாராம். பொண்ணோட அப்பா எங்க வீட்ல கை நனைப்பாரான்னு. நகை, சீரு, ஜாதகம் எதுவும் கேக்கல."

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. சரவணனின் அக்காவைப் பார்க்க, கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஊரிலிருந்து ஒரு குடும்பம் வந்ததாம். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்திருந்தது. பேச்செல்லாம் முடிந்து இலை போட்டதும், வந்தவர்கள் வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டார்கள். வேனில் கொண்டுவந்திருந்த புளிசாதத்தை ரோட்டோரம் நிறுத்திச் சாப்பிட்டதை குப்பத்துக்காரர்களே பார்த்திருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து, சம்பந்தம் வேண்டாம் என்று போன் வந்தது. அன்றிலிருந்து கலியபெருமாள் ஒரே பிடியாக இருக்கிறார். எங்கள் கையால் சாப்பிடாதவர்கள் வீட்டோடு சம்பந்தம் கிடையாது.

"நீங்க மீன் சாப்பிட மாட்டீங்கன்னு நான் சொல்லலப்பா," என்றாள் கயல். "சொல்லவும் மாட்டேன்."

கல்யாணப் பேச்சுக்கு ஊருக்குப் போக ஒரு வருடம் இருந்தது.

2

எங்கள் வீட்டில் ஆடு உண்டு, கோழி உண்டு, தீபாவளிக்குப் போட்டி போட்டுக்கொண்டு தின்கிற அளவுக்குக் கறி உண்டு. மீன் மட்டும் கிடையாது. கருவாடுகூட வாசற்படி தாண்டாது. கேட்டால், கவுச்சி ஆகாது என்பார் அப்பா. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவன் போய் விழுந்த இடம் நீகாட்டா. ஜப்பானின் மேற்குக் கடற்கரை நகரம். அரிசிக்குப் பேர்போன ஊர் என்றுதான் வந்தேன். அரிசியில் கல்லையும் கறுப்பையும் பிரித்தெடுக்கும் இயந்திரங்களை, அவை இருக்கும் நாடுகளுக்கே போய்ப் பழுது பார்ப்பது என் வேலை. வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் அரிசியைத் தவிர எல்லாமே மீன். சூப்பில் மீன், கீரையின் மேல் தூவியிருப்பது மீன், முட்டைக்குள்ளும் மீன் கொதித்த சாறு. முதல் வருடம் ஒரு சாப்பாட்டுக் கடையில் எனக்கு வந்த ஜப்பானிய மொழியில் விளக்கப் போய், மீன் என்னைத் தின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறேன். சமையல்காரர் வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். அதன் பிறகு அலுவலகத் தோழர் ஒருவர் அட்டையில் எழுதித் தந்தார். அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, சோறும் ஊறுகாயுமாக இருபத்தாறு வருடம் ஓட்டிவிட்டேன்.

கயலைப் பள்ளியில் சேர்த்தபோதும் மீன் கொடுக்கக் கூடாது என்று மூன்று படிவம் நிரப்பிக் கொடுத்தேன். முதல் வகுப்பில் ஒரு நாள், பெற்றோருக்கு எழுதும் நோட்டில் ஆசிரியை எழுதியனுப்பினார்: 'தோழியிடம் கேட்டு வாங்கி, வறுத்த மீன் முழுவதையும் இன்று கயல் சாப்பிட்டாள். மிகவும் மகிழ்ச்சி.' அவருக்கு மகிழ்ச்சி. நான் அன்று போட்ட சத்தத்தில் பிள்ளை மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அவள் பள்ளியில் என்ன சாப்பிட்டாள், யாரோடு சிரித்தாள் என்று எங்களிடம் சொல்வதும் குறைந்துபோயிற்று.

கம்பெனியில் வருடாவருடம் மருத்துவப் பரிசோதனை உண்டு. 'ஒவ்வாத உணவு' என்ற கட்டத்தில் வழக்கம்போல மீன் என்று எழுதினேன். போன வருடம் புதிதாக வந்திருந்த டாக்டர் விடவில்லை.

வீங்குமா என்றார். இல்லை என்றேன். அரிக்குமா? இல்லை. மூச்சு முட்டுமா? அதுவும் இல்லை. ரத்தம் எடுத்தார். அடுத்த வாரம் கூப்பிட்டு, உங்கள் உடம்புக்கும் மீனுக்கும் ஒரு தகராறும் இல்லை என்று சொல்லி, அந்தக் கட்டத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.

உடம்புக்கு இல்லாத தகராறு எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியிருந்தது. யோசித்தால் வருவது, மரக்காணத்திலிருந்து திண்டிவனம் வழியாக எங்கள் ஊர்ப் பக்கம் வரும் பஸ்தான். திண்டிவனத்தில் பாலிடெக்னிக் படித்த காலத்தில் அந்த பஸ்ஸில் மீன்காரப் பெண்கள் அன்னக்கூடையோடு ஏறுவார்கள். நாங்கள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அவர்களில் ஒருவர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபோது, எழுப்பிவிடச் சொல்லி கண்டக்டரிடம் சொன்னேன். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து பின்னால் போய் நின்றார். டிக்கெட் வாங்கியவர் அவர். நான் பாஸில் போனவன்.

நாற்றம் மீனுடையது என்று சொல்லிக்கொண்டோம். மீனை மட்டும் சொல்லவில்லை என்பது எங்களுக்கும் தெரியும், அந்தப் பெண்களுக்கும் தெரியும். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

3

என் மனைவி சாந்திக்குக் கண்டமங்கலம். பாண்டிச்சேரியில் வேலை பார்த்த அவள் அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் வாங்கி வருவாராம். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று விட்டவள். ஜப்பானுக்கு வந்த பிறகாவது சாப்பிட்டிருக்கலாம். நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"சாந்தி, வீட்ல மீன் செய்யேன். பழகிக்கிறேன்," என்றேன்.

"நான் செய்ய மாட்டேன்."

"ஏன்?"

"நான் ஆசையா கொழம்பு வெப்பேன். நீங்க வெளக்கெண்ண குடிச்சாப்புல மூஞ்சிய வெச்சிக்குவீங்க. எனக்கு அது வேணாம். ஊர் ஊரா சுத்திக்கினுதான இருக்கீங்க? போற எடத்துல பழகிக்கினு வாங்க. அப்பறம் பாக்கலாம்."

இருபத்தேழு வருடத்துக் கோபத்தை அவள் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அன்றே அட்டையை மேசை இழுப்பறையில் போட்டேன். மூன்று சட்டம் வகுத்துக்கொண்டேன். போகிற ஊரில் அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைத்தான் சாப்பிட வேண்டும். மீதி வைக்கக் கூடாது. மூக்கைப் பிடிக்கக் கூடாது.

முதல் பயணம் வியட்நாமில் மேகாங் ஆற்றங்கரையில் இருக்கும் கான் தோ. அங்கே ஓர் அரிசி ஆலை. ஆலைக்காரரின் மனைவி லான் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார். புளி, தக்காளி, வெண்டைக்காய் போட்ட சாறு. ஆகா, நம்ம ஊர்க் குழம்பு என்று கரண்டியை விட்டேன். அடியிலிருந்து ஒரு துண்டு ஆற்று மீன் எழுந்து வந்தது. பக்கத்தில் மண்சட்டியில் கருஞ்சிவப்பாக வற்றிய இன்னொரு மீன். மாத்திரை போலத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு இரண்டு துண்டு விழுங்கினேன். சட்டம் நிறைவேறியது என்று நான் நிமிர்வதற்குள், லான் தன் குச்சியால் இன்னொரு துண்டை எடுத்து என் கிண்ணத்தில் வைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

"மென்று சாப்பிடச் சொல்கிறார்," என்றார் மொழிபெயர்க்க வந்தவர்.

மென்றேன். கண்ணில் நீர் வந்தது. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து, மீன் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான்காவது துண்டை வைத்தார்.

4

தாய்லாந்தில் தோற்றேன். சுபான்புரி ஆலைக்கு எதிரே ஒரு சிறிய கடை. அங்கே பிளா தூ என்று உள்ளங்கை நீள மீன். கூடையில் அடங்க வேண்டும் என்பதற்காகக் கழுத்தை வளைத்து அடுக்கியிருப்பார்கள். பொரித்துத் தட்டில் வைத்ததும் அது கழுத்தை வளைத்தபடியே என்னைப் பார்த்தது. வெளியே ஓடினேன். வாய்க்காலோரம் நான் நின்ற நிலையை விவரிக்க வேண்டாம்.

மறுநாளும் அதே கடைக்குப் போய் அதே மீனைக் கேட்டேன். பாதி சாப்பிட்டேன். மூன்றாம் நாள் கடைக்காரப் பெண் என்னைக் கண்டதும் சிரித்துவிட்டு, மீனின் தலையை ஒரு முட்டைக்கோஸ் இலையால் மூடிக் கொண்டுவந்தாள். இலையை நானே எடுத்து ஓரம் வைத்தேன். இரண்டு பக்கமும் சாப்பிட்டு எலும்பைத் தட்டில் நேராக வைத்துவிட்டு எழுந்தேன். என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சைக்கும் நான் இப்படி மூன்று முறை உட்கார்ந்ததில்லை.

மலேசியாவில் கெடா பக்கம் நம்மவர் ஒருவரின் கடை. மீனை உதிர்த்துக் கரைத்த புளிச்சாற்றில் நூடுல்ஸ் போட்டுத் தந்தார்கள். நான் சாப்பிடுவதைக் கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னண்ணே, கஷாயம் குடிக்கிற மாதிரி சாப்பிடுறீங்க?"

கதையைச் சொன்னேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"சம்பந்தி வீட்டுக்கா? அப்படின்னா இந்த உதிர்த்த மீனெல்லாம் சாப்பிட்டுப் பிரயோஜனம் இல்லண்ணே. மரியாதைக்குத் தலைதான் வெப்பாங்க. தலையை வெச்சா என்ன பண்ணுவீங்க?"

அதை நான் யோசிக்கவேயில்லை. அங்கே இருந்த ஐந்து நாளும் மதியம் மீன் தலைக்கறி. எங்கே கிள்ள வேண்டும், எதை உறிஞ்ச வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். கடைசி நாளில், "பாஸு," என்றார்.

நீகாட்டா திரும்பியதும் சாந்தியிடம் சொன்னேன். அவள் மீன் மார்க்கெட்டுக்குப் போய், இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு முதல் மீன் குழம்பை வைத்தாள். நான் முகத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. சட்டியை வழித்துச் சாப்பிட்டாள்.

5

ஆவணியில் ஊருக்குப் போனோம். கயல் வரவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது பெண் வரும் வழக்கமில்லை. அவளும் சரவணனும் ஜப்பானில் ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

வல்லத்திலிருந்து வேன். என் அண்ணன் ஏழுமலை, அண்ணி, மாமா ஒருவர், சாந்தி, நான். அண்ணன்தான் எங்கள் குடும்பத்துக்குப் பெரியவர். அப்பா போன பிறகு நிலத்தையும் கிணற்றையும் எனக்கும் சேர்த்து அவர்தான் பார்த்துக்கொள்கிறார். இந்தச் சம்பந்தத்துக்கு அவர் வருகிறார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

திண்டிவனம் தாண்டும்போது, "அங்க போயி ரொம்ப நேரம் உக்காந்துக்கினு இருக்க வேணாம்," என்றார் அண்ணன். "பேசினமா, சாப்ட்டமா, ஜல்தியா கெளம்பினமான்னு இருக்கணும்."

சாப்பிட்டோமா என்று அவர் வாயால் வந்ததே, அதில் மனம் குளிர்ந்துபோனேன்.

உப்பளங்களைத் தாண்டி வேன் குப்பத்துக்குள் நுழைந்தது. கலியபெருமாள் தெருமுனைக்கே வந்து நின்றார். கறுத்து நெடிய மனிதர், சலவை வேட்டி. வீட்டு வாசலில் கழுவிவிட்ட ஈரம். உள்ளே பினாயில் வாசனை, அதற்கு மேல் சாம்பிராணி. வலையோ கயிறோ கண்ணில் படவில்லை. கடற்கரையில் இருக்கிறோம் என்பதற்குச் சத்தம் மட்டும்தான் சாட்சி.

அஞ்சலையம்மாள் சமையலறை வாசலிலேயே நின்றார். "வாங்க சார். வாங்கம்மா," என்றார். எங்கள் பக்கத்தில் வரவில்லை.

பேச்சு எளிதாக முடிந்தது. தையில் கல்யாணம், திண்டிவனத்தில் மண்டபம். "மீனே சாப்புடாத வூட்ல பொண்ணுக்குக் கயல்னு பேரு வெச்சிருக்கீங்களே," என்று கலியபெருமாள் கேலி செய்தபோது எல்லாரும் சிரித்தோம். சிரித்த பிறகுதான், நான் மீன் சாப்பிடாதவன் என்று இவருக்கு யார் சொன்னது என்று தோன்றியது. கயல் சொல்லவில்லை. அவள் சொல்ல மாட்டேன் என்றால் சொல்ல மாட்டாள்.

"சாப்டலாங்களா?" என்றார் கலியபெருமாள்.

6

இலை போட்டார்கள். வரிசையாக உட்கார்ந்தோம். எனக்கு இடப்பக்கம் சாந்தி, வலப்பக்கம் அண்ணன். தலையை வைத்தால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று கெடாக்காரர் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

தோளில் துண்டு போட்ட முன்பின் தெரியாத ஒருவர் தூக்குவாளியுடன் வந்தார். என் இலையில் மட்டன் பிரியாணி விழுந்தது. பின்னால் இன்னொருவர் சிக்கன் வறுவலோடு வந்தார்.

"மீன் இல்லீங்களா?" என்றேன்.

கரண்டி நின்றது. கலியபெருமாள் என் அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க அண்ணன் போன் பண்ணாருங்க. மீன் வேணாம், வெளியாள வெச்சி சமைங்க, அப்பத்தான் எங்காளுங்க சாப்டுவாங்கன்னாரு. திண்டிவனத்துலருந்து ஆளக் கூட்டியாந்தோம். பாத்திரமும் அவங்களுதுதான். வூட்டையும் நாலு நாளா கழுவிக்கினே இருக்கோம். பையன் ஆசப்பட்டுட்டான், இன்னா பண்றது."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும். அவர் கேட்டது அவர் வீட்டில் கை நனைப்பது. எங்கள் அண்ணன் ஏற்பாடு செய்திருந்தது, அவர் வீட்டில் உட்கார்ந்து வேறு யாரோ சமைத்ததைத் தின்றுவிட்டு எழுந்து போவது. மகனுக்காக அந்த மனிதர் தன் ஒரே நிபந்தனையையும் விழுங்கிவிட்டு, தூக்குக்காரருக்குப் பின்னால் நின்று எங்களுக்குப் பரிமாற வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

நான் சமையலறை வாசலைப் பார்த்துக் கேட்டேன். "ஏங்க, நீங்க இன்னைக்கி இன்னா சாப்டுவீங்க?"

அஞ்சலையம்மாள் தயங்கினார். "எங்களுக்கு நேத்து வெச்ச கொழம்பு இருக்கு சார். காரப்பொடி. சின்ன மீனு. விருந்தாளிக்குப் போடுற மீனு இல்ல அது."

"அத எடுத்துக்கினு வாங்க."

"டேய் சேகரு," என்றார் அண்ணன், குரலைத் தாழ்த்தி. "பேஜாரு பண்ணாத. போட்டத சாப்டு."

"ஒரு வருசமா இதுக்குத்தாண்ணா நான் கத்துக்கினு வந்திருக்கேன். நீ போன் பண்றதுக்கு முன்னால என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"ஊர்ல நாங்க இருக்கணும்டா. நீ ஏரோப்ளேன் ஏறிப் போயிடுவ. தெருவுல பதில் சொல்றது நானு."

"சொல்லு. என் தம்பி சாப்ட்டான்னு சொல்லு."

அண்ணன் இலையை மடித்தார். பிரியாணியில் கைகூட வைத்திருக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வேனுக்குப் போனார். அண்ணியும் பின்னால் போனார். மாமா எழுவதா உட்காருவதா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு பிரியாணியில் கை வைத்தார். அண்ணன் தையில் மண்டபத்துக்கு வர மாட்டார் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு காலத்தில் நான் நோயில் கிடந்தபோது என் ஆஸ்பத்திரிச் செலவுக்கு மாட்டை விற்றவர் அவர்.  ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அஞ்சலையம்மாள் சட்டியோடு வந்தார். சாந்தி என் இலையிலிருந்த பிரியாணியைத் தன் இலைக்குத் தள்ளிக்கொண்டு இடம் செய்தாள். வெறும் சோறு, அதன் மேல் குழம்பு, அதில் விரல் நீளத்துக்கு நாலைந்து வெள்ளி மீன்கள். மூன்று தேசத்தில் கற்றது எதுவும் உதவவில்லை. அங்கெல்லாம் மீனுக்கு ஒரு முள் இருந்தது, எடுத்து ஓரம் வைத்தேன். இந்தப் பொடி மீனில் முள்ளைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

"கையால நோண்டாதீங்க," என்றாள் சாந்தி. "வாலப் புடிச்சி வாயில வெச்சி பல்லால உருவுங்க."

உருவினேன். ஒன்று. இரண்டு. நேற்றைய புளி, நேற்றைய காரம், எனக்கு ஒரு நாளும் ஒத்துக்கொள்ளாத அந்தக் கவுச்சி. கலியபெருமாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலையம்மாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புடிச்சிருக்குங்களா சார்?"

"நல்லா இருக்குங்க."

"பொய் சொல்றீங்க. கண்ணுல தண்ணி கட்டிக்கினு நிக்குது."

காரம் என்று சொல்லியிருக்கலாம். வியட்நாமில் லான் தப்பாக நினைத்துக்கொண்டதை நான் திருத்தவேயில்லை. இவர்களிடம் சொல்ல மனம் வரவில்லை.

"புடிக்கலீங்க," என்றேன். "ஒரு வருசமா சாப்ட்டுப் பாக்குறேன். எந்த ஊர்லயும் புடிக்கல, இங்கயும் புடிக்கல. இன்னும் ரெண்டு மீன் போடுங்க."

 அந்த அம்மாள் சிரித்தார். வாய்விட்டு, மார்க்கெட்டில் பேரம் பேசுகிறவர்கள் சிரிக்கிற மாதிரி சிரித்தார். கரண்டியைச் சட்டியின் அடிவரை விட்டு அள்ளினார்.

"புடிக்காம சாப்டுறவருக்கு ரெண்டு எதுக்கு? நாலா சாப்டுங்கண்ணே."

கலியபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் எழுந்துபோன இடத்தில், என் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்.

"அஞ்சல," என்றார். "எனக்கும் ஒரு எல போடு."